மீட்டர் மண்டலங்கள்: நகரக் குடிநீர் வலையமைப்பைப் பிரித்து அளக்கும் முறை

நகரக் குடிநீர் வலையமைப்பை மீட்டர் மண்டலங்களாகப் பிரிப்பது என்பது, தெருக்களுக்கு அடியில் பின்னிக் கிடக்கும் குழாய்களைச் சில வால்வுகளை மூடித் தனித்தனித் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டுக்குள்ளும் போகும் தண்ணீரை நுழைவாயிலிலேயே அளந்துகொள்ளும் முறை. நுழைவாயில் ஒன்றாக இருப்பது நல்லது. இரண்டு மூன்று இருந்தால் ஒவ்வொன்றிலும் மீட்டர் வேண்டும். பக்கத்து மண்டலத்துக்குத் தண்ணீர் வெளியேறும் குழாய் இருந்தால் அதிலும் வேண்டும். குடிநீர்த் துறையில் இதை டி.எம்.ஏ. (டிஸ்ட்ரிக்ட் மீட்டர்ட் ஏரியா) என்று சுருக்கி வழங்குகிறார்கள். ஒரு மண்டலத்தில் 500 முதல் 3,000 இணைப்புகள் வரை இருக்கலாம் என்பது உலக அளவில் ஏற்கப்பட்ட நடைமுறை. 5,000 இணைப்புகளைத் தாண்டினால், ஒரு வீட்டுக் குழாயில் ஏற்படும் உடைப்பு மண்டலத்தின் மொத்த ஓட்டத்தில் கரைந்துபோய்விடும். 500-க்குக் கீழே போனால் மீட்டருக்கும் வால்வுக்கும் ஆகும் செலவு, மிச்சப்படும் தண்ணீரின் மதிப்பை விழுங்கிவிடும்.

சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து புறப்படும் தண்ணீருக்கும் கட்டணம் விதிக்கப்படும் தண்ணீருக்கும் இடையே உள்ள வித்தியாசம் வருவாய் தராத நீர் எனப்படுகிறது. 2019-ல் நீரிழப்பு வல்லுநர்கள் ரோலண்ட் லீம்பெர்கரும் ஆலன் வயாட்டும் வெளியிட்ட மதிப்பீட்டின்படி உலகம் முழுவதும் ஆண்டுக்கு 12,600 கோடி கனமீட்டர் நீர் இப்படிப் போகிறது. அதன் மதிப்பு 3,900 கோடி டாலர். இதில் மூன்று வகை கலந்திருக்கிறது. முதலாவது, குழாயிலிருந்தும் தொட்டியிலிருந்தும் மண்ணுக்குள் கசிவது. இரண்டாவது, வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தும் கணக்கில் ஏறாதது: திருட்டு இணைப்பு, மெதுவாக ஓடும் பழைய மீட்டர், கணக்கெடுப்பவர் வீட்டுக்குப் போகாமலே எழுதிய எண். மூன்றாவது, பொதுக்குழாய், தீயணைப்பு, குழாய் கழுவுதல் போன்று தெரிந்தே இலவசமாகக் கொடுப்பது. நகரம் முழுவதற்கும் சேர்த்து ‘40 சதவீதம் இழப்பு’ என்று ஒரு எண் கிடைத்தால் அதை வைத்துக்கொண்டு எந்தத் தெருவைத் தோண்டுவது என்று தெரியாது. குழாயை மாற்றுவதா, மீட்டரை மாற்றுவதா என்றும் தெரியாது. அந்த எண்ணை இடவாரியாகப் பிரித்துக் காட்டுவதுதான் மண்டலம்.

சதவீதக் கணக்கே ஏமாற்றக்கூடியது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நாளுக்கு இரண்டு மணி நேரம் மட்டும் தண்ணீர் விடும் ஊரில் குழாய்கள் அந்த இரண்டு மணி நேரம்தான் கசியும். மீதி 22 மணி நேரம் கசிவதற்குக் குழாயில் நீரே இல்லை. ஆகவே ஓட்டைக் குழாய்களைக் கொண்ட ஊர்கூடக் குறைந்த சதவீதத்தைக் காட்டி நல்ல பெயர் வாங்கிவிடலாம். ஓர் இணைப்புக்கு, குழாயில் அழுத்தம் இருக்கும் நேரத்துக்கு, இத்தனை லிட்டர் என்று சொல்வதே நேர்மையான அளவு. ஆயினும் அறிக்கைகளிலும் மேடைகளிலும் சதவீதமே இன்னும் கோலோச்சுகிறது.

பிரித்து அளக்கும் யோசனை புதிதன்று. 1860-களில் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரம் தண்ணீர்ப் பற்றாக்குறையால் விட்டு விட்டுத் தண்ணீர் வழங்கும் நிலைக்கு வந்திருந்தது. 1871-ல் நகரப் பொறியாளராகப் பதவியேற்ற ஜார்ஜ் ஃபிரெடரிக் டீக்கன், 1873-ல் ஒரு கருவியை உருவாக்கினார். கீழே அகன்று செல்லும் கூம்பு வடிவக் குழாய். அதற்குள் கம்பியில் தொங்கும் ஒரு வட்டத் தட்டு. ஓட்டம் கூடினால் தட்டு கீழே இறங்கும், குறைந்தால் எதிர்எடை அதை மேலே இழுக்கும். கம்பியோடு கட்டிய பென்சில், கடிகாரத்தால் சுழலும் உருளையில் சுற்றிய காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டே போகும். இந்த மீட்டரைப் பொருத்தி நகரத்தைச் சிறு வட்டாரங்களாகப் பிரித்தார்கள். ஊர் அடங்கிய பின் ஊழியர்கள் தெருவில் இறங்கி ஒவ்வொரு வீட்டு இணைப்பின் அடைப்பானாக மூடிச் சென்றார்கள். மூடிய நேரத்தைக் குறித்துக்கொண்டார்கள். மறுநாள் காகிதத்தில் எந்த நேரத்தில் கோடு சட்டென்று சரிந்திருக்கிறது என்று பார்த்தால், எந்த வீட்டுக் குழாய் வீணாக்குகிறது என்று தெரிந்துவிடும். புதிய நீராதாரம் எதுவும் வந்து சேருவதற்கு முன்பே லிவர்பூல் முழுநேர வழங்கலுக்குத் திரும்பியது. வேல்ஸில் டீக்கன் பணியாற்றிய விர்ன்வி அணையின் நீர் நகரத்தை எட்டியது 1890-களில்தான்.

இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மண்டல அளவீடு, முழுநேரத் தண்ணீர் கிடைத்த ஊரில் சொகுசுக்காகப் பிறந்ததல்ல. முறை வைத்துத் தண்ணீர் விட்ட ஊர் அந்த நிலையிலிருந்து தப்பிக்கக் கண்டுபிடித்தது. ‘எங்கள் ஊரில் தண்ணீரே போதவில்லை, இதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று இன்று சொல்லப்படும் வாதத்துக்கு 150 ஆண்டுகளுக்கு முன்பே லிவர்பூலில் பதில் கிடைத்துவிட்டது.

அதன் பிறகு நெடுங்காலம், சோதனைக்காக மட்டும் சில இரவுகள் வால்வுகளை மூடி அளந்துவிட்டுத் திறந்துவிடும் வழக்கமே இங்கிலாந்தில் இருந்தது. 1980-ல் வெளியான ‘அறிக்கை 26’ என்ற கசிவுக் கட்டுப்பாட்டு அறிக்கை, நிரந்தர எல்லையும் நிரந்தர மீட்டரும் கொண்ட மண்டலத்தை முறையாக வரையறுத்தது. 1989-ல் குடிநீர் வாரியங்கள் தனியார்மயமாயின. 1995-ன் வறட்சியில் யார்க்‌ஷயர் பகுதிக்கு லாரிகளில் தண்ணீர் கொண்டுவர வேண்டிய நிலை வந்தபோது, கசிவு அரசியல் பிரச்சினையாக வெடித்தது. 1997 முதல் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் கசிவு இலக்கு கட்டாயமாக்கப்பட்டது. 1990-களின் நடுவில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாளுக்கு 500 கோடி லிட்டருக்கு மேல் கசிந்துகொண்டிருந்தது. 2000-2001 வாக்கில் அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. அப்போது அங்கே பெரும்பாலான வீடுகளில் மீட்டரே கிடையாது. வீட்டு மீட்டர் இல்லாமல் கசிவை எப்படி அளந்தார்கள் என்பதில்தான் இந்த முறையின் சூட்சுமம் இருக்கிறது.

அதற்கான விடை இரவில் கிடைக்கிறது. பின்னிரவு 2 மணி முதல் 4 மணி வரை பெரும்பாலோர் உறங்குகிறார்கள், குழாய் உறங்குவதில்லை. அந்த நேரத்தில் மண்டலத்துக்குள் நுழையும் நீரில் பெரும்பங்கு கசிவாகத்தான் இருக்க முடியும். இதைக் குறைந்தபட்ச இரவு ஓட்டம் என்பார்கள். கணக்குக்காக 1,500 இணைப்புகள் கொண்ட ஒரு மண்டலத்தை எடுத்துக்கொள்ளலாம். பின்னிரவு 3 மணிக்கு மீட்டர் மணிக்கு 9 கிலோலிட்டர் காட்டுகிறது. அந்நேரத்தில் கழிப்பறைக்கும் தாகத்துக்குமாக ஓர் இணைப்புக்கு மணிக்கு 2 லிட்டர் என்று வைத்தால், நியாயமான உபயோகம் 3 கிலோலிட்டர். மீதி 6 கிலோலிட்டர் கசிவு. இதை 24-ஆல் பெருக்கக் கூடாது. இரவில் உபயோகம் குறைவதால் குழாயில் அழுத்தம் கூடியிருக்கும். பகலில் அழுத்தம் இறங்கும்போது கசிவும் இறங்கும். ஆகவே மண்டலத்தின் அழுத்த மாற்றத்தைப் பொறுத்து 24-ஐவிடச் சிறிய எண் ஒன்றால், இங்கே 20-ஆல் என்று கொள்வோம், பெருக்கினால் நாளுக்கு 120 கிலோலிட்டர் வரும். இந்திய நகரங்களுக்கு வகுக்கப்பட்டுள்ள தலைக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற அளவின்படி, அது ஏறக்குறைய 890 பேருக்கு ஒரு நாளைக்கான தண்ணீர்.

ஒரு தடவை அளந்த எண்ணைவிடத் தொடர்ந்து வரும் எண்களே அதிகம் பேசும். நேற்று வரை 9 இருந்த இரவு ஓட்டம் இன்று 10.5 ஆனால், மண்டலத்துக்குள் எங்கோ புதிதாக ஒரு குழாய் உடைந்திருக்கிறது. இந்தச் செய்தி எவ்வளவு சீக்கிரம் கிடைக்கிறது என்பதே முக்கியம். ஒரு கசிவின் ஆயுளை மூன்று கட்டங்களாகப் பிரிக்கலாம்: கசிவதாகத் தெரியவரும் வரை, இடத்தைக் கண்டுபிடிக்கும் வரை, சரிசெய்யும் வரை. பிரதான குழாய் வெடித்தால் சாலையில் ஊற்று கிளம்பும், போக்குவரத்து நிற்கும், படம் பிடிப்பார்கள், பத்து மணி நேரத்தில் அடைத்துவிடுவார்கள். மணிக்கு 50 கிலோலிட்டர் போனாலும் இழப்பு 500 கிலோலிட்டரோடு நின்றுவிடும். வீட்டு இணைப்பில், அதைத் தெருக் குழாயோடு பொருத்தும் ஃபெரூல் அருகே மணிக்கு ஒரு கிலோலிட்டர் சத்தமில்லாமல் சாக்கடைக்குள் வடிந்தால் யாரும் புகார் செய்ய மாட்டார்கள். நூறு நாள் கழித்துத் தற்செயலாகக் கண்ணில் பட்டால், அதற்குள் 2,400 கிலோலிட்டர் போயிருக்கும். பிரிட்டனில் கசிவு வல்லுநர் ஆலன் லாம்பெர்ட் 1990-களில் வகுத்த கணக்கீட்டு முறை இந்த அடிப்படையில் எழுந்ததுதான். வெளியே தெரியும் உடைப்பு, வெளியே தெரியாத உடைப்பு, எந்தக் கருவிக்கும் அகப்படாத நுண்கசிவு என்று அவர் வகைப்படுத்தினார். மீட்டர் மண்டலம் முக்கியமாக இரண்டாவது வகைக்கான கருவி.

மண்டலத்துக்குள் கசிவு இருப்பதாகத் தெரிந்தபின் இடத்தைக் குறுக்க வேண்டும். இரவில் மண்டலத்தின் கடைக்கோடியிலிருந்து தொடங்கி உள் வால்வுகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்து, எந்த வால்வை மூடும்போது நுழைவு மீட்டர் பெரிதாக இறங்குகிறது என்று பார்ப்பது பழைய வழி. டீக்கனின் ஊழியர்கள் செய்ததன் நேர் வாரிசு அது. பிறகு ஒலி. அழுத்தத்தோடு வெளியேறும் நீர் குழாயில் ஒரு சீறலை உண்டாக்கும். கேட்கும் கம்பியைக் குழாயில் ஊன்றிக் காதை வைத்துக் கேட்பதிலிருந்து, இரண்டு இடங்களில் ஒலியுணரிகளை வைத்து அந்தச் சீறல் வந்து சேரும் கால வித்தியாசத்தைக் கொண்டு இடத்தைச் சொல்லும் கோரிலேட்டர் வரை கருவிகள் உண்டு. இரும்புக் குழாயில் ஒலி நன்றாக ஓடும். பிளாஸ்டிக் குழாயில் சீக்கிரமே அடங்கிவிடும். பிளாஸ்டிக் குழாய் நிறைந்த புதிய விரிவாக்கப் பகுதிகளில் மண்டலத்தைச் சற்றுச் சிறியதாக வைக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

எல்லையை எங்கே போடுவது என்பது வடிவமைப்பின் முதல் கேள்வி. ஆறு, ரயில் பாதை, நெடுஞ்சாலை ஆகியவற்றைக் கடக்கும் குழாய்கள் இயல்பாகவே குறைவு. அவற்றை எல்லையாக வைத்தால் மூட வேண்டிய வால்வுகளும் குறையும். மேடும் பள்ளமும் ஒரே மண்டலத்தில் கலக்கக் கூடாது; மேட்டு வீட்டுக்குத் தண்ணீர் ஏற வேண்டும் என்று அழுத்தம் கொடுத்தால் பள்ளத்துக் குழாய் வெடிக்கும். பல மண்டலங்களுக்கு நீர் கொண்டுபோகும் பெருங்குழாயை எந்த மண்டலத்துக்குள்ளும் சேர்க்காமல் வெளியே விட வேண்டும். தமிழ்நாட்டு நகரங்களில் ஒரு வசதி இருக்கிறது: ஒரு மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி எந்தத் தெருக்களுக்கு ஊட்டுகிறதோ அந்தப் பரப்பு பாதி தயாரான மண்டலம். ஆனால் புகார் வரும்போதெல்லாம் அவசரத்துக்குப் பக்கத்துத் தொட்டியின் குழாயோடு ஓர் இணைப்புப் போட்டுவைத்திருப்பார்கள். அது வரைபடத்தில் இருக்காது. போட்டவர் ஓய்வு பெற்றிருப்பார். பிரிக்கும் வேலையில் பெரும்பொழுது இந்த மறைந்த இணைப்புகளைத் தேடுவதிலேயே போகும். வடிவமைப்புக்குக் கணினி மாதிரிகள் உதவும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1993-ல் வெளியிட்டு இலவசமாக வழங்கிவரும் எபாநெட் மென்பொருள் உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. வலையமைப்பைப் புள்ளிகளும் கோடுகளுமாகக் கொண்டு, எந்தக் கோடுகளை வெட்டினால் குறைந்த சேதத்தில் பிரியும் என்று கணிக்கும் ஆய்வுகளும் கடந்த இருபது ஆண்டுகளில் பெருகியிருக்கின்றன. ஆனால் வரைபடத்திலேயே இல்லாத குழாயை எந்தக் கணிப்பும் வெட்டாது.

எல்லை உண்மையிலேயே அடைபட்டிருக்கிறதா என்பதைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஓர் இரவு நுழைவாயில் வால்வையும் மூடிவிட்டு உள்ளே அழுத்தமானியைப் பார்க்க வேண்டும். அழுத்தம் மளமளவென்று பூஜ்யத்துக்கு இறங்கினால் மண்டலம் சுத்தம். எங்கோ நடுவில் நின்றால் வெளியிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது: எல்லை வால்வு ஒன்று சரியாக உட்காரவில்லை, அல்லது தெரியாத இணைப்பு ஒன்று இருக்கிறது. இந்தச் சோதனையில் தேறாத மண்டலத்தின் எந்த எண்ணையும் நம்பக் கூடாது. ஒரு தடவை தேறினால் போதாது என்பதும் அனுபவம். கோடையில் ஒரு தெருவில் தண்ணீர் வரவில்லை என்று மக்கள் மறியல் செய்தால், வால்வு ஊழியர் எல்லை வால்வை இரண்டு சுற்றுத் திறந்துவிட்டுப் போவார். அவர் மேல் குற்றம் சொல்லவும் முடியாது. ஆனால் அதைப் பதிவேட்டில் எழுதாவிட்டால், அன்றோடு இரண்டு மண்டலங்கள் கெட்டன. பிரிப்பதைவிடப் பிரிந்தது பிரிந்தபடி இருக்கக் காப்பதே பெரிய வேலை.

மீட்டர் தேர்விலும் ஒரு முடிச்சு இருக்கிறது. காலை 7 மணியின் உச்ச ஓட்டத்தையும் தீயணைப்புத் தேவையையும் தாங்க வேண்டும் என்று பெரிய மீட்டராக வாங்கினால், கசிவைக் காட்ட வேண்டிய பின்னிரவு 3 மணியின் மெல்லிய ஓட்டத்தில் அது தடுமாறும். மின்காந்த ஓட்டமானிகள் இந்தச் சிக்கலை வெகுவாகக் குறைத்தன. அவற்றில் அசையும் பாகம் இல்லை, மண்ணும் துருவும் சிக்கிக்கொள்ளாது. நுழைவாயில்கள் கூடக் கூடப் பிழையும் கூடும். ஒரு மண்டலத்துக்குள் 100 பங்கு நீர் நுழைந்து 95 பங்கு வெளியேறுகிறது என்றும், இரண்டு மீட்டர்களிலும் 2 சதவீதப் பிழை இருக்கலாம் என்றும் வைத்தால், உள்ளே தங்கியதாகக் காட்டும் 5 பங்கு, உண்மையில் 1 ஆகவும் இருக்கலாம், 9 ஆகவும் இருக்கலாம். ஒரு மண்டலத்தின் வழியே இன்னொரு மண்டலத்துக்கு நீர் கொடுக்கும் அமைப்பைத் தவிர்க்கச் சொல்வது இதனால்தான்.

மண்டலம் அமைத்தபின் கிடைக்கும் கூடுதல் ஆதாயம் அழுத்தக் கட்டுப்பாடு. சில ஊர்களில் இதுவே கசிவைத் தேடுவதைவிடப் பெரிய பலன் தந்திருக்கிறது. நுழைவாயிலில் அழுத்தம் குறைக்கும் வால்வு ஒன்றைப் பொருத்தினால், மண்டலம் முழுவதும் தேவைக்கு மேற்பட்ட அழுத்தம் இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம். உலோகக் குழாயில் உள்ள வட்ட ஓட்டையில், அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே கசிவு மாறும். பிளாஸ்டிக் குழாயின் நீளவாட்டு விரிசல் அழுத்தம் கூடும்போது தானே அகலமாகும். அதனால் கசிவு மேலும் வேகமாகக் கூடும். பலவகைக் குழாய் கலந்த வலையமைப்பில் சராசரியாகக் கசிவு அழுத்தத்துக்கு நேர்விகிதம் என்று கொள்வது வழக்கம். அதாவது 30 மீட்டர் நீருயர அழுத்தத்தை 20 மீட்டராக இறக்கினால், ஒரு குழிகூடத் தோண்டாமல் கசிவில் மூன்றில் ஒரு பங்கு குறையும். புதிய உடைப்புகளும் குறையும். குழாயின் ஆயுளும் நீளும்.

இந்த முறைக்குக் குறைகளும் உண்டு. வால்வுகளை மூடும்போது வளையமாக ஓடிக்கொண்டிருந்த குழாய்கள் முட்டுச்சந்துகளாகின்றன. முட்டுச்சந்தில் நீர் தேங்கும், குளோரின் வலுவிழக்கும், வண்டல் படியும். வீட்டில் குழாயைத் திறந்தால் கலங்கலாக வரும். ஒவ்வொரு முட்டுச்சந்திலும் கழுவிவிடும் வால்வு வைத்து முறையாகக் கழுவ வேண்டும். ஒரே நுழைவாயில் குழாய் பழுதானால் மண்டலம் முழுவதும் வறண்டுபோகும். தீ விபத்தில் நான்கு பக்கத்திலிருந்தும் வர வேண்டிய நீர் ஒரு பக்கத்திலிருந்துதான் வரும். இதற்கு மாற்றாக லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் பிரிஸ்டல் நகர வலையமைப்பில் ஒரு முறையைச் சோதித்தார்கள்: தொலைவிலிருந்து இயக்கும் எல்லை வால்வுகள் பகலில் திறந்திருக்கும், பின்னிரவில் கசிவு அளக்க மட்டும் மூடிக்கொள்ளும். நல்ல யோசனைதான்; ஆனால் அத்தனை வால்வுகளுக்கும் மின்கலமும் தகவல் தொடர்பும் பராமரிப்பும் வேண்டும். சாதாரண வால்வுகளின் இருப்பிடமே தெரியாத நகரங்கள் அதைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டியதில்லை.

வசதியற்ற நகரம் ஒன்று இதில் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்குக் கம்போடியத் தலைநகர் புனோம் பென் சாட்சி. 1993-ல் அங்கே உற்பத்தியான நீரில் 72 சதவீதம் வருவாய் தராமல் போனது. நகரில் நாலில் ஒரு பகுதியினருக்கே இணைப்பு இருந்தது. நாளுக்குப் பத்து மணி நேரம்தான் தண்ணீர். அந்த ஆண்டு நகரக் குடிநீர் நிறுவனத்தின் பொறுப்பேற்ற ஏக் சொன் சான் முதலில் இணைப்புகளின் பட்டியலைச் சரிசெய்தார், எல்லா இணைப்புகளுக்கும் மீட்டர் பொருத்தினார், பழைய குழாய்களை மாற்றினார், வலையமைப்பை மண்டலங்களாகப் பிரித்து ஓட்டத்தையும் அழுத்தத்தையும் கண்காணித்தார். ராணுவத் தளபதி ஒருவரின் வீட்டில் மீட்டர் வைக்கப் போனபோது துப்பாக்கி முனையில் விரட்டப்பட்டதையும், ஆட்களைத் திரட்டிக்கொண்டு திரும்பிப் போய் அந்த இணைப்பைத் துண்டித்ததையும் அவரே சொல்லியிருக்கிறார். சுமார் பதினைந்து ஆண்டுகளில் இழப்பு 6 சதவீதத்துக்கு அருகே வந்தது. நகரில் 90 சதவீதத்தினருக்கு 24 மணி நேரமும் தண்ணீர் கிடைத்தது. 2006-ல் அவருக்கு ரமோன் மக்சேசே விருது வழங்கப்பட்டது. புனோம் பென்னின் வெற்றியை மண்டலங்களின் வெற்றி என்று மட்டும் எழுதுவது சரியாகாது. மண்டல எண்களைப் பார்த்து நடவடிக்கை எடுக்கவும் அதிகாரம் உள்ளவரின் இணைப்பைத் துண்டிக்கவும் ஒரு நிர்வாகம் அங்கே இருந்தது.

இந்தியாவில் பிரச்சினை வேறு முகம் காட்டுகிறது. பெரும்பாலான நகரங்களில் தண்ணீர் நாளுக்குச் சில மணி நேரம், அல்லது சில நாட்களுக்கு ஒரு முறை. தண்ணீர் வரும் நேரம் பின்னிரவாகவே இருந்தாலும் அது உறங்கும் நேரமல்ல: ஒவ்வொரு வீட்டிலும் சம்ப் நிரம்பிக்கொண்டிருக்கும், சிலர் குழாயிலேயே மோட்டாரை மாட்டி உறிஞ்சுவார்கள். இரவு ஓட்டம் என்ற கருவியே இங்கே பயனற்றுப் போகிறது. முழுநேர வழங்கல் வந்தபின்னும் மாடித் தொட்டிகள் இரவில் மெதுவாக நிரம்பும்; அதைக் கசிவு என்று தப்பாக எடுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. முறை வைத்து விடும் ஊரில் செய்யக்கூடியது, ஒரு வழங்கல் நேரத்தில் மண்டலத்துக்குள் போன மொத்தத்தையும் வீட்டு மீட்டர்களின் கூட்டுத்தொகையையும் ஒப்பிடுவது. அல்லது சிறு பகுதியில் எல்லா வீட்டு இணைப்புகளையும் அரைமணி நேரம் அடைத்துவிட்டு நுழைவு மீட்டரைப் பார்ப்பது. லிவர்பூலும் ஏறத்தாழ இப்படித்தான் தொடங்கியது.

கர்நாடகத்தில் உலக வங்கி உதவியுடன் ஹூப்ளி–தார்வாட், பெல்காம், குல்பர்கா நகரங்களில் ஐந்து சோதனை மண்டலங்களைத் தேர்ந்தெடுத்து, குழாய்களை முழுவதும் மாற்றி, எல்லா இணைப்புகளுக்கும் மீட்டர் வைத்து, 2008 வாக்கில் ஏறக்குறைய 1.8 லட்சம் மக்களுக்கு 24 மணி நேர வழங்கலைக் கொண்டுவந்தார்கள். ஹூப்ளி–தார்வாடில் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பின்னர் நடத்திய சோதனையில், முறை வைத்து வழங்கும் பகுதிகளின் குழாய் நீர் மாதிரிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில் ஈ-கோலை கிருமி இருந்தது. முழுநேர வழங்கல் பகுதிகளில் அது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. குழாயில் எப்போதும் அழுத்தம் இருந்தால் நீர் வெளியே கசியும். அழுத்தம் இல்லாத நேரத்தில் சாக்கடை உள்ளே கசியும். கசிவைப் பணக் கணக்காக மட்டும் பார்ப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஒடிசாவின் புரி நகரம் 2021 ஜூலையில், நகரம் முழுவதும் குழாயிலிருந்து நேரே குடிக்கத்தக்க நீரை நாள் முழுவதும் வழங்கும் முதல் இந்திய நகரமாக அறிவிக்கப்பட்டது. அந்த மாநிலத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்களைச் சேர்ந்த பெண்கள் ‘ஜலசாத்தி’ என்ற பெயரில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்க்கிறார்கள், கட்டணம் வசூலிக்கிறார்கள், புகார்களை வாங்குகிறார்கள். கோயம்புத்தூரில் பழைய மாநகராட்சி எல்லையின் 60 வார்டுகளுக்கு 24 மணி நேர வழங்கல் ஏற்படுத்த 2018-ல் பிரான்ஸின் சூயஸ் நிறுவனத்தோடு நீண்டகால ஒப்பந்தம் போடப்பட்டது. அதன் அடிப்படையும் மண்டலப் பிரிப்புதான். தனியாரிடம் கொடுக்கலாமா என்று அங்கே எழுந்த எதிர்ப்பு நியாயமான பொது விவாதம். ஆனால் நடத்துபவர் அரசானாலும் தனியாரானாலும் மண்டலத்தின் கணக்கு ஒன்றே.

2021-ல் தொடங்கிய மத்திய அரசின் அம்ருத் 2.0 திட்டம் நகரங்களின் வருவாய் தராத நீரை 20 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர இலக்கு வைத்தது. இத்தகைய திட்டங்களில் பணம் பெரும்பாலும் குழாய், மீட்டர், கட்டுப்பாட்டறைத் திரை ஆகியவற்றுக்கே போகிறது. ஒப்பந்ததாரர் எத்தனை கிலோமீட்டர் குழாய் பதித்தார் என்று பார்த்துப் பணம் கொடுக்கும் ஒப்பந்தத்தைவிட, இரவு ஓட்டம் எவ்வளவு இறங்கியது என்று பார்த்துப் பணம் கொடுக்கும் ஒப்பந்தமே நகரத்துக்கு லாபம். முழு நகரத்தையும் ஒரே மூச்சில் பிரிக்க வேண்டியதும் இல்லை. ஒரு மேல்நிலைத் தொட்டியின் கீழ் உள்ள ஒரு மண்டலத்தை அடைத்து, சோதித்து, பழுதுபார்த்து, முழுநேர வழங்கலுக்கு மாற்றினால், அங்கே மிச்சமாகும் நீர் அடுத்த மண்டலத்துக்குப் போகும். இந்த வரிசையை மாற்றி, முதலில் நகரம் முழுவதும் 24 மணி நேரமும் வால்வைத் திறந்துவைத்தால் தொட்டிகள் காலையிலேயே காலியாகிவிடும்.

மண்டலங்கள் அமைந்த ஊர்களில் வார்டு உறுப்பினர்களும் குடியிருப்போர் சங்கங்களும் தங்கள் மண்டலத்தின் இரவு ஓட்டம் எவ்வளவு என்று மாதந்தோறும் மாநகராட்சியிடம் கேட்டுப் பெற வேண்டும். மீட்டர் ஏற்கெனவே அதைப் பதிவு செய்துகொண்டிருக்கிறது. வெளியிடுவதற்குத் தனிச் செலவு எதுவும் இல்லை.